சரளைப் பாதையைச் சீர்செய்ய எந்த அட்டாச்மென்ட் வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரதான சாலையிலிருந்து வீட்டுக்கோ தோட்டத்துக்கோ கொட்டகைக்கோ வரும் சரளைப் பாதை குழியும் மேடுமாகிவிட்டால், அதை டிராக்டரின் பின்னால் மாட்டும் ஒரு கருவியைக் கொண்டு நாமே சரிசெய்துவிடலாம். ஆனால் பாக்ஸ் பிளேடு, ரியர் பிளேடு, லேண்ட் பிளேன், ரேக் என்று கடையில் வரிசையாக நிற்கும்போது எதை வாங்குவது என்ற குழப்பம் வரும். அந்தக் குழப்பத்தோடு இருப்பவர்களுக்காக எழுதியது இது.

குழியில் கொஞ்சம் ஜல்லி கொட்டி மிதித்துவிட்டால் போதாதா? இதற்கு எதற்குக் கருவி?

போதாது. குழியின் அடிப்பகுதி சக்கரம் ஏறி ஏறி இறுகி, வழவழப்பான கிண்ணமாக இருக்கும். அதன் மேல் கொட்டும் புது ஜல்லி அடியோடு பிணையாது. மழை பெய்தால் அதே கிண்ணத்தில் தண்ணீர் தேங்கும். வண்டி போகும்போது தண்ணீரும் ஜல்லியும் சேர்ந்து வெளியே தெறிக்கும். சில வாரங்களில் குழி அதே இடத்தில், முன்பைவிட அகலமாக இருக்கும்.

நிலைக்க வேண்டுமானால் குழியின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள தளத்தைப் பெயர்த்து, பெயர்ந்ததைக் கலந்து, மறுபடி பரப்பி, இறுக்க வேண்டும். ஒரு கருவி இவற்றில் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எதைப் பார்ப்பது?

பெரும்பாலோர் அகலத்தையும் விலையையும் பார்க்கிறார்கள். நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: இந்தக் கருவி தன் மட்டத்தை எங்கிருந்து எடுக்கிறது?

டிராக்டரின் பின்னால் மாட்டிய பிளேடு, பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. முன்சக்கரம் ஒரு மேட்டில் ஏறினால் டிராக்டர் பின் அச்சை மையமாக வைத்துச் சாயும். பிளேடு கீழே இறங்கி, குழி இல்லாத இடத்தில் குழி வெட்டும். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பிளேடு மேலே எழும்பி, அங்கே ஒரு மேட்டை விட்டுச் செல்லும். அதாவது மட்டத்தை டிராக்டரின் சக்கரத்திலிருந்து எடுக்கும் கருவி, பாதையில் ஏற்கெனவே இருக்கும் மேடுபள்ளத்தைத் தன் பின்னால் மறுபடி எழுதிக்கொண்டே வரும். ஓட்டுபவர் கருவியை ஏற்றி இறக்கும் லிவரைக் கணத்துக்குக் கணம் தூக்கி இறக்கி ஈடுகட்ட வேண்டும். அது பழகிய கை செய்யும் வேலை.

மட்டத்தைத் தன் சொந்தச் சட்டத்திலிருந்து எடுக்கும் கருவி வேறு ரகம். நீளமான இரண்டு பக்கச் சட்டங்கள் தரையில் படிந்து சறுக்கும். வெட்டும் பிளேடு அவற்றுக்கு நடுவே இருக்கும். சட்டத்தின் நீளத்தைவிடச் சிறிய பள்ளம் எதுவானாலும் சட்டம் அதன் மேல் பாலம்போல் கடந்துவிடும். பிளேடு உள்ளே இறங்காது, மேட்டை மட்டும் சீவும். தச்சர்கள் நீளப் பலகையை நேராக்க நீளமான இழைப்புளியை எடுப்பதும் இதே காரணத்தால்தான்.

லேண்ட் பிளேன் என்பது அதுதானா?

அதேதான். சில இடங்களில் கிரேடிங் ஸ்கிரேப்பர் என்றும் சொல்வார்கள். முன்னும் பின்னுமாக இரண்டு பிளேடுகள், இரு பக்கமும் சட்டம், மேலேயும் பின்னாலும் திறந்த அமைப்பு. பிளேடு சீவும் சரளை அதன் மேலே வழிந்து பின்னால் விழும். வழியில் பள்ளம் வந்தால் அதற்குள்ளேயே விழுந்து நிரப்பும். பிளேடின் விளிம்பு சட்டத்தின் அடிமட்டத்தைவிட ஒன்றிரண்டு செ.மீ. மட்டுமே கீழே இருப்பதால், ஓட்டுபவர் தவறினாலும் அது ஆழமாக வெட்டிவிட முடியாது.

டாப் லிங்கை (கருவியின் மேல்பகுதியை டிராக்டரோடு இணைக்கும், நீளத்தை மாற்றக்கூடிய தண்டு) சரிசெய்து, சட்டம் முன்னும் பின்னும் சமமாகத் தரையில் படியும்படி வைத்து, லிவரை முழுக்க இறக்கிவிட்டு ஓட்டினாலே போதும். புதிதாகத் தொடங்குபவர் முதல் நாளிலேயே நல்ல தளத்தைப் பார்க்க முடிகிற கருவி இது ஒன்றுதான் என்பது என் உறுதியான கருத்து.

இறுகிப்போன தளத்துக்கு, தரையைக் கீறிப் பெயர்க்கும் ரிப்பர் பற்கள் உள்ள மாடலாகப் பாருங்கள். பல் இல்லாத லேண்ட் பிளேன் கெட்டித் தரைமேல் சறுக்கிக்கொண்டே போகும். பத்து முறை ஓட்டினாலும் ஆழமான குழியின் அடியைத் தொடாது.

அதனால் முடியாததும் உண்டு. ஓரிடத்தில் குவிந்த சரளையை அள்ளி முப்பது மீட்டர் தள்ளிக் கொண்டுபோய்ப் போட அதனால் ஆகாது. ஓரத்துக்கு ஒதுங்கிய சரளையை நடுவுக்கு இழுப்பதும் அதற்குச் சரியாக வராது. வாய்க்காலும் வெட்டாது.

அப்படியானால் பாக்ஸ் பிளேடு எதற்கு?

சரளையை நகர்த்துவதற்கு. மூன்று பக்கமும் அடைத்த பெட்டி, முன்னால் உயரத்தை மாற்றிப் பூட்டக்கூடிய ரிப்பர் பற்கள், பின்சுவரில் முன்னோக்கி ஒன்றும் பின்னோக்கி ஒன்றுமாக இரண்டு வெட்டு விளிம்புகள். பெட்டிக்குள் சரளையைச் சேர்த்துக்கொண்டு போய் வேண்டிய இடத்தில் லேசாகத் தூக்கினால் அங்கே பரவும். மழை அரித்துச் சரிவின் அடியில் கொண்டுபோய்க் குவித்ததை மேலே இழுத்து வரவும், லாரி கொட்டிய குவியலைப் பரப்பவும், மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போடவும் இதைவிட வசதியானது இல்லை.

ஆனால் அதன் பக்கத் தகடுகள் குட்டையானவை. ஆகவே மட்டத்தைப் பாதி டிராக்டரிடமிருந்துதான் எடுக்கிறது. பழகும்வரை பாதை அலை அலையாக வரும். இதைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது: பெட்டி எப்போதும் பாதியளவாவது நிறைந்திருக்கும்படி ஓட்டுங்கள். உள்ளே சரளை இருந்தால் பள்ளம் வரும்போது அது தானாக இறங்கி நிரப்பும்; கனமும் கூடுவதால் கருவி துள்ளாது. காலிப் பெட்டியோடு ஓட்டும்போதுதான் தளம் கெடுகிறது.

டாப் லிங்கை எப்போது நீட்டுவது, எப்போது குறுக்குவது?

பாக்ஸ் பிளேடில் பாதி வித்தை இதில் இருக்கிறது. டாப் லிங்கைக் குறுக்கினால் கருவி முன்பக்கம் சாயும். ரிப்பர் பற்களும் முன்விளிம்பும் ஆழமாகக் கடிக்கும். பெயர்க்கும் வேலைக்கு இது. நீட்டினால் பின்பக்கம் சாய்ந்து, பின்விளிம்பு தரையை வழித்துக்கொண்டு வரும். கடைசியாக மட்டம் தேய்க்க இது. ஒரே அமைப்பில் வைத்து எல்லாவற்றையும் செய்யப் பார்ப்பவர்கள்தான் "பாக்ஸ் பிளேடு சரியில்லை" என்று முடிவுக்கு வருகிறார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் சுற்றக்கூடிய டாப் லிங்க் இருந்தால் இரண்டு சுற்று மாற்றிப் பார்த்து, விளைவைக் கவனித்து, மறுபடி மாற்றுங்கள். வசதி இருந்தால் ஹைட்ராலிக் டாப் லிங்க் பெரிய நிம்மதி.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும். எது?

பாதை அடிப்படையில் நன்றாக இருந்து, வருடம்தோறும் குழியும் சக்கரத் தடமும் விழுவதுதான் தொல்லை என்றால், ரிப்பர் பல் உள்ள லேண்ட் பிளேன். பாதை இனிமேல்தான் உருவாக வேண்டும், சரளை நிறைய நகர வேண்டும், சரிவில் அடிக்கடி அரிக்கிறது என்றால் பாக்ஸ் பிளேடு. பாதை தவிர வேறு மண்வேலையும் இருப்பவர்களுக்கும் பாக்ஸ் பிளேடுதான் அதிகம் உழைக்கும்.

இரண்டையும் ஒரே கருவியில் எதிர்பார்க்காதீர்கள். முதல் பெரிய சீரமைப்புக்குப் பாக்ஸ் பிளேடை வாடகைக்கு எடுத்து வேலையை முடித்துவிட்டு, பராமரிப்புக்கு லேண்ட் பிளேனைச் சொந்தமாக வைத்துக்கொள்வது பலருக்கும் பொருந்தும் வழி.

ரியர் பிளேடு மலிவாகக் கிடைக்கிறதே?

கிடைக்கும். அதன் பலம் கோணத்தில் இருக்கிறது. பிளேடைப் பக்கவாட்டில் திருப்பலாம், ஒருபுறம் சாய்க்கலாம், சிலவற்றில் ஓரமாகத் தள்ளியும் வைக்கலாம். இந்த மூன்றும் சேர்ந்தால் ஓரத்துக்கு ஒதுங்கிய சரளையை நடுவுக்குக் கொண்டுவரலாம். நடு மேட்டை உருவாக்கலாம். பக்க வாய்க்காலையும் இழுக்கலாம்.

காணாமல்போனதாக நாம் நினைக்கும் சரளையில் பெரும்பங்கு பாதையின் இரு ஓரத்திலும் புல்லுக்குள் ஒளிந்து கிடக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த ஓரத்து வரப்பே தண்ணீர் வெளியேறாமல் தடுத்துப் பாதையைக் கெடுக்கிறது. புது லோடு சொல்வதற்கு முன் அதை இழுத்துப் பாருங்கள். புல்வேரை மட்டும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அது சரளையோடு கலந்தால் தளம் இறுகாது.

மட்டம் என்று வந்தால் ரியர் பிளேடு எல்லாவற்றிலும் கடினம், ஏனென்றால் மட்டத்தை முழுக்க டிராக்டரிடமிருந்தே எடுக்கிறது. பின்னால் தாங்கு சக்கரம் மாட்டும் வசதி இருந்தால் அந்தக் குறை வெகுவாகக் குறையும். இன்னொன்று: 30 டிகிரி திருப்பிய 1.8 மீட்டர் பிளேடு உண்மையில் சுமார் 1.56 மீட்டர் அகலத்தைத்தான் துடைக்கும். அதனால் மற்றவற்றைவிட ஓரளவு அகலமாகவே வாங்க வேண்டும்.

ரேக், பவர் ரேக், செயின் ஹாரோ?

ரேக் தளர்வான சரளையைப் பரப்பவும், பெரிய கற்களையும் குப்பையையும் கூட்டவும் நல்லது. இறுகிய தளத்தை அதனால் பெயர்க்க முடியாது. அடிக்கடி ரேக் ஓட்டினால் பெரிய கல் மேலேறி, பொடி அடியில் தங்கிப் பிரிந்துபோகும் ஆபத்தும் உண்டு.

சுழலும் உருளையில் கார்பைடு பல் பதித்த பவர் ரேக், இறுகிய மேல்தளத்தை ஒரே ஓட்டத்தில் தளர்த்தி மட்டமாக்கிவிடும். அருமையான கருவி, ஆனால் விலையும் பராமரிப்பும் அதிகம். ஒரு வீட்டுப் பாதைக்காக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், வாடகைக்கு எடுங்கள்.

சங்கிலி வலைபோல் தரையில் இழுபடும் செயின் ஹாரோ நல்ல பாதையை நல்லபடியாக வைத்திருக்க உதவும். கெட்டதைச் சரிசெய்யாது.

ஏற்கெனவே லோடர் பக்கெட் இருக்கிறது. கல்டிவேட்டரும் ரோட்டவேட்டரும் இருக்கின்றன. அவை ஆகாதா?

பக்கெட் சரளையை அள்ளவும் கொட்டவும். பின்னோக்கி இழுத்துத் தேய்த்தால் மேலோட்டமாகப் பரவும், அவ்வளவுதான். பக்கெட்டைத் தரையில் அழுத்தினால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். பிறகு ஸ்டியரிங்கும் கேட்காது, மட்டமும் வராது.

கல்டிவேட்டர் இறுகிய தளத்தைப் பெயர்க்க உதவும், ஆனால் ஆழத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். சரளைக்கு அடியில் இருக்கும் மண்ணைத் தொட்டு மேலே கொண்டுவந்துவிட்டால், அடுத்த மழையில் பாதை சேறாகும். குழியின் ஆழத்தைவிட இரண்டு மூன்று செ.மீ. மட்டும் கூடுதலாகப் போனால் போதும். பாக்ஸ் பிளேடின் ரிப்பர் பல்லுக்கும் இதே அளவுதான்.

ரோட்டவேட்டர் வேண்டவே வேண்டாம். மண்ணையும் ஜல்லியையும் பிரிக்க முடியாதபடி கலக்கும், பிளேடுகள் தேய்ந்து உடையும், கல் தெறிக்கும்.

என் டிராக்டருக்கு எந்த அளவு?

அகலம் முதலில். கருவி, பின்சக்கரங்களின் வெளிவிளிம்பு வரை மறைக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மட்டமாக்கிய தளத்தின்மேல் உங்கள் சக்கரத் தடமே பதிந்திருக்கும். தோராயமாக 25 முதல் 35 எச்.பி. வரை 1.5 மீட்டர், 35 முதல் 50 வரை 1.8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். சக்கரப் பிடிமானமும் டிராக்டரின் எடையும் எச்.பி. அளவுக்கே முக்கியம்.

அடுத்தது கனம். பல டிராக்டர்களில் ஹைட்ராலிக் கைகள் கருவியைத் தூக்கும், ஆனால் கீழ்நோக்கி அழுத்தாது. கருவி தன் எடையால் மட்டுமே தரையைக் கடிக்கிறது. 30 செ.மீ. அகலத்துக்குச் சுமார் 45 கிலோ என்பது பாக்ஸ் பிளேடுக்குப் பலரும் சொல்லும் அளவுகோல், 1.5 மீட்டருக்கு ஏறத்தாழ 225 கிலோ. மெல்லிய தகட்டில் செய்த இலகுவான மாடல் கடைவாசலில் அழகாக இருக்கும், காய்ந்த பாதையில் துள்ளிக்கொண்டே போகும். பணத்தை அகலத்தில் போடுவதா கனத்தில் போடுவதா என்றால் கனத்தில் போடுங்கள்.

கருவியை டிராக்டரில் மாட்டும் பின்களின் (pin) தடிமனையும் சரிபாருங்கள். முதல் வகை (Category 1) லிங்கேஜுக்கு, அதாவது கருவியை மாட்டும் மூன்று முனை இணைப்புக்கு, கீழ்ப்பின் 22 மி.மீ., மேல்பின் 19 மி.மீ.; இரண்டாம் வகைக்கு 28, 25 மி.மீ. சிறிய பின் உள்ள கருவியைப் பெரிய டிராக்டரில் மாட்டப் புஷ் (பின்னைத் தடிமனாக்கும் குழல்) போட்டுக்கொள்ளலாம், தலைகீழாக முடியாது.

டிராக்டரே இல்லை, சின்னப் புல்வெட்டும் வண்டிதான் இருக்கிறது.

இழுத்துச் செல்லும் சிறிய கிரேடர் சட்டங்கள் உண்டு. தளர்ந்த மேற்பரப்பைச் சமன்செய்யும். ஆழமான குழிக்கு அது ஆகாது. முதலில் ஒருமுறை ஆள் வைத்துப் பெரிய கருவியால் பெயர்த்துச் சீர்செய்துவிட்டு, பிறகு இதைப் பராமரிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மட்டமாக்கினால் தண்ணீர் நின்றுவிடுமே?

சரியான கேள்வி. சரளைப் பாதை பலகைபோல் சமமாக இருக்கக் கூடாது. நடுவில் உயர்ந்து இருபுறமும் 4 விழுக்காடு சரிய வேண்டும். 3 மீட்டர் அகலப் பாதையில் ஓரத்தைவிட நடு 6 செ.மீ. உயரம். இரண்டு ஓரத்திலும் ஒரே உயரத்தில் குச்சி நட்டு, கயிறு கட்டி அளந்தால் தெரிந்துவிடும். கண்ணால் பார்த்துச் சொல்வதை நம்ப வேண்டாம், 2 செ.மீ.கூட நல்ல மேடாகத் தோன்றும்.

கருவியால் இதைச் செய்ய, லிங்கேஜின் வலப்பக்கக் கையை இறக்கி, வலமுனை தாழ்வாக இருக்கும்படி வையுங்கள். பாதையின் வலப்பாதியில் ஒருமுறை போய், திரும்பி வரும்போதும் உங்கள் வலப்பக்கப் பாதியிலேயே வாருங்கள். இரண்டு முறையும் தாழ்ந்த முனை வெளி ஓரத்திலேயே இருக்கும். இடையில் இறங்கி எதையும் மாற்ற வேண்டியதில்லை. ரியர் பிளேடானால் வெளிமுனையை முன்னால் தள்ளித் திருப்பினால் சரளை தானாக நடுவை நோக்கி ஒழுகும்.

பக்க வாய்க்கால் அடைபட்டிருந்தாலோ, மேட்டு நிலத்துத் தண்ணீர் பாதைக்குள் பாய்ந்தாலோ, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். எவ்வளவு நல்ல கருவியும் தண்ணீரோடு போட்டியிட்டு ஜெயிக்காது.

எப்போது ஓட்டுவது, எவ்வளவு வேகம்?

மழை விட்டு ஒன்றிரண்டு நாளில், ஈரம் இருந்தும் சேறு இல்லாத பதத்தில். ஒரு கைப்பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. காய்ந்த நேரத்தில் ஓட்டினால் பிணைப்புக்கு வேண்டிய பொடியெல்லாம் தூசியாகப் பறந்துவிடும். மிஞ்சிய கல் இறுகாது.

வேகம் மணிக்கு 5 கி.மீ., அதிகம் போனால் 8. அதற்கு மேல் கருவி துள்ளத் தொடங்கும். முடித்ததும் ரோலர் ஓட்டுங்கள். இல்லையென்றால் டிராக்டர் சக்கரத்தையே அங்குலம் அங்குலமாக மாற்றி மாற்றி ஓட்டி முழு அகலத்தையும் இறுக்குங்கள்.

குறுக்கே அலை அலையாக வரும் மேடுகள் எத்தனை முறை சீவினாலும் திரும்ப வருகின்றன. ஏன்?

இரண்டு காரணம். ஒன்று, மேட்டை மட்டும் சீவி அந்தப் பொடியால் பள்ளத்தை மூடிவிடுகிறோம். அடியில் அலை அப்படியே இருக்கிறது. பள்ளத்தின் அடி வரை வெட்டினால்தான் போகும். இரண்டு, வண்டிகளின் வேகம். உருளும் சக்கரம் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் தளர்வான பரப்பில் அலை தானாகவே உருவாகிறது, சக்கரத்துக்கு ஸ்பிரிங் இல்லாவிட்டாலும்கூட என்று 2007-ல் வெளியான இயற்பியல் ஆய்வு ஒன்று சோதனை செய்து காட்டியது. பிரேக் பிடிக்கும் வளைவிலும், வேகமெடுக்கும் ஏற்றத்திலும், கேட்டுக்கு முன்பும் இது அதிகம் வரும். வீட்டாரும் வந்துபோகிறவர்களும் மெதுவாக ஓட்டினாலே பாதி குறையும்.

புதிதாக ஜல்லி போட வேண்டுமா? எந்த ரகம், எவ்வளவு?

கூரான மூலைகள் உள்ள கிரஷர் ஜல்லியாக இருக்க வேண்டும். உருண்டைக் கூழாங்கல் ஒன்றோடொன்று பிணையாது, சக்கரத்தின் கீழ் நழுவும். 20 மி.மீ. கல்லிலிருந்து பொடி வரை கலந்திருக்க வேண்டும். 0.075 மி.மீ. சல்லடையில் இறங்கும் நுண்பொடி மேல்தளத்தில் 4 முதல் 15 விழுக்காடு வரை தேவை. அதில் கொஞ்சம் ஒட்டும் தன்மையும் வேண்டும். கழுவிய ஒரே அளவு ஜல்லியை எந்த அட்டாச்மென்டாலும் இறுக்கமான தளமாக்க முடியாது.

100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 5 செ.மீ. கனம் என்றால் 15 கன மீட்டர். எடையில் ஏறத்தாழ 24 டன். பழைய தளத்தைக் கீறிவிட்டுத்தான் புதியதைப் பரப்ப வேண்டும், அப்போதுதான் இரண்டும் சேரும்.

பழைய கருவி வாங்கும்போது எதைப் பார்ப்பது?

வெட்டு விளிம்பு போல்ட் போட்டு மாற்றக்கூடியதா, அல்லது வெல்டிங் செய்ததா என்று பாருங்கள். போல்ட் என்றால் பெரும்பாலும் ஒருமுறை திருப்பிப் போட்டும் உழைக்கலாம். விளிம்பு தேய்ந்து பின்னால் உள்ள தாங்குத் தகடும் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். டாப் லிங்க் மாட்டும் கோபுரத்தில் விரிசலோ ஒட்டு வெல்டிங்கோ இருக்கிறதா, லிங்கேஜ் துளைகள் நீள்வட்டமாகிவிட்டனவா, சட்டம் முறுக்கியிருக்கிறதா என்பதைச் சமதளத்தில் இறக்கி வைத்துப் பாருங்கள். ரிப்பர் பல் வளைந்திருந்தால் பரவாயில்லை, பல் நுழையும் கூடு விரிந்திருந்தால் வேண்டாம்.

பாதுகாப்பில் கவனிக்க வேண்டியது?

கனம் போதவில்லை என்று கருவியின்மேல் ஆளை உட்கார வைப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு கல்லில் தட்டினால் அவர் நேராகப் பிளேடுக்கு முன்னாலோ அடியிலோதான் விழுவார். கல்லையோ மணல் மூட்டையையோ கட்டி வைக்கலாம்.

ரிப்பர் பல் இறங்கியிருக்கும்போது பின்னோக்கிப் போகவோ வளையவோ கூடாது. பல்லும் லிங்கேஜும் முறுக்கிக்கொள்ளும். சங்கிலி போட்டு எதையாவது இழுப்பதானால் டிராபாரில் (டிராக்டரின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பி) மட்டும் மாட்டுங்கள், டாப் லிங்க் இடத்தில் மாட்டினால் டிராக்டர் பின்னால் கவிழும். கவிழ்வுத் தடுப்புச் சட்டம் இருந்தால் அதை உயர்த்தி வைத்துச் சீட் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். பல்லை இறக்கும் முன் பாதைக்கு அடியில் தண்ணீர்க் குழாயோ மின்கேபிளோ போகிறதா என்று விசாரித்து, அந்த இடத்தில் இருபுறமும் குச்சி நட்டுவிடுங்கள்.